வேப்பிலை கட்டிய ஒழுங்கை

அந்த வீட்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா இருந்தார், கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு மொத்தக்கடையில் பருப்பும் மிளகாயும் நிறுத்துக் கொடுக்கிற வேலை. அம்மா இருந்தார், வீட்டிலேயே தையல். அண்ணா இருந்தான், பத்தொன்பது வயது, ஊரிலிருந்து வந்த நாள் முதல் வாசலைத் தாண்டாமல் இருந்தான். நான் இருந்தேன். நாங்கள் நாலு பேரும் மேல்வீடு. கீழ்வீட்டில் வீட்டுக்கார அன்ரி தனியே இருந்தார். மாதாவைக் கும்பிடுகிற வேதக்காரர், இந்தக் கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவர். இவ்வளவு பேர்தான். வந்திருந்த மாரி அம்மாளையும் சேர்க்கவேண்டும் என்பார் அப்பா.

அந்த வருசம் அங்கே இருந்த என் வயதுக்காரருக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. உங்களில் பாதிப் பேர் என்னைப்போலப் பாயில் கிடந்தவர்கள். வெயில் தொடங்க, கொப்பளிப்பான் என்கிற அம்மையும் தொடங்கியது. முதலில் லொட்ஜுகளில். அங்கே ஒரு அறைக்குள் இரண்டு குடும்பம். வடக்கில் சண்டை என்று வந்தவர்கள் எல்லாரும் இந்தச் சந்து ஒழுங்கைகளுக்குள்தான் நெருக்கிக்கொண்டு இருந்தோம். சுவருக்கு இந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு வந்தால் அந்தப் பக்கத்துப் பிள்ளைக்கும் வந்தது. பள்ளிக்கூடத்தை மூடினார்கள். டியூசன் நின்றது. தலைமயிர் வெட்டுகிறவர் சலூனைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். காலையில் பாண் கொண்டுவருகிற ஆள் ஒழுங்கை முகப்பில் நின்று மணி அடித்தார், உள்ளே வரவில்லை.

எனக்கு நெற்றியில் ஒரு கொப்புளமும் வயிற்றில் கொஞ்சமும் போட்டிருந்தன. அம்மா சட்டையைத் தூக்கிப் பார்த்தார். தையல் மெசினை மூடிப் போட்டு அதன்மேல் துணியை விரித்தார்.

இலை கட்டியது அப்பா. அன்ரியின் பின்வளவில் குழாயடியில் ஒரு வேப்பமரம் நின்றது. அதில் கொப்பு முறித்து வந்து, படி ஏறி முடிகிற இடத்தில் எங்கள் கதவு நிலையில் கட்டினார். என் பாயிலும் இலை பரப்பினார். வெள்ளை வேட்டி ஒன்றைக் கிழித்துப் போர்க்கத் தந்தார்கள். அதன் பிறகு வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறவில்லை. தாளிக்கக்கூடாது. மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் கூடாது. வெளியாள் உள்ளே வரக்கூடாது, உள்ளாள் இன்னொரு வாசல் மிதிக்கக்கூடாது. பிள்ளைக்கு நோய் மாறி, தலைக்குத் தண்ணி வார்க்கும்வரை இப்படி. தண்ணி வார்த்த பிறகுதான் இலை இறங்கும். எங்கள் ஆட்களுக்கு அது அம்மாள் வருத்தம், அம்மாள் தருகிற நோய். சிங்கள ஆட்களுக்கும் அது சாமியின் வருத்தம்தான். தெய்யங்கே லெடே என்பார்கள். அவர்களும் வேப்பிலை கட்டுவார்கள்.

அப்பா அடுத்த நாள் கடைக்குப் போய்ப் படியில் ஏறாமல் தெருவில் நின்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறார். முதலாளி முஸ்லிம் ஆள். அப்பா வந்து சொன்னதைத்தான் சொல்கிறேன்.

“ஊட்ல நோய் ஈக்கிற நேரம் வர வாணாம். எனக்கும் சின்னப் புள்ளகள் ஈக்கி. தண்ணி ஊத்திட்டு வாங்க. அதுக்குப் பொறகு ஒரு பேச்சும் இல்ல.”

“அதுமட்டும் தராசிலை ஆர் நிக்கிறது?”

“அத நான் பாக்கிறன். நீங்க புள்ளயப் பாருங்க.”

அம்மாவுக்கு வேலை வீட்டுக்குள் இருந்தும் நின்றது. கலியாணச் சட்டை தைக்கத் துணி கொடுத்திருந்த ஒரு பெண் ஒழுங்கையில் நின்று கூப்பிட்டாள்.

“அக்கா, என்ட துணி உள்ளுக்கா கிடக்கு?”

“ஓம். வெட்டிப்போட்டன். கையும் பூட்டியாச்சு.”

“அப்ப அங்கயே கிடக்கட்டும். வேணாம்.”

மஞ்சள் பட்டு. கை பூட்டியபடி கனகாலம் பெட்டியில் கிடந்தது. பிறகு எங்கே போனதென்று தெரியாது.

அண்ணா இல்லாவிட்டால் எனக்கு அந்த நாட்கள் போயிருக்காது. கொழும்பில் தங்க அவனுக்கு வவுனியாவில் கொடுத்த பாஸ் எப்போதோ முடிந்துவிட்டது. பொலிசில் பதியவேண்டும் என்றால் வீட்டுக்காரர் வரவேண்டும். அன்ரி ஏற்கெனவே எங்கள் மூன்று பேருக்கும் வந்தவர். பெடியனுக்கு வரமாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். “பொம்பளப் பிள்ளைண்டா வருவேன். இந்த வயசு ஆம்பளைக்கு வந்தா என்னையும்ல கேப்பான்?” வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரன் ஒவ்வொரு முறையும் அடுத்த கிழமை என்றான். பதியாத பெடியனைக் கண்டால் பொலிஸ் புலி என்று ஏற்றிக்கொண்டு போய்விடும். அதனால் அண்ணா உள்ளேயே இருந்தான். அம்மாவுக்குச் சட்டைகளில் கொக்கி தைத்துக் கொடுத்தான். யாராவது படி ஏறினால் சேலைத் திரைக்குப் பின்னால் போய்விடுவான். தைத்தது அம்மா என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அம்மாவைவிட நெருக்கமாகத் தைப்பான்.

நான் பாயில் கிடக்க, தலைமாட்டில் இருந்துகொண்டு பகிடி விடுவான்.

“என்னடி புள்ளிமான், இண்டைக்கு எத்தினை புதுசு?”

“போ. கடிக்குது.”

“சொறியாதை. பிறகு உன்னை ஆர் கட்டுறது?” என்பான். சொறியவேண்டிய இடத்தை வேப்பிலைக் கொத்தால் மெல்லத் தடவி விடுவான். “நான் வெளியிலை போகேலாமல் இருக்கிறன். நீயும் இருக்கிறாய். எனக்கு இப்பதான் ஒரு கொம்பனி.”

அவனுக்குச் சின்னனில் வரவில்லை. அம்மா தள்ளி இரு என்றார். ஒரு அறைதான். எங்கே தள்ளி இருப்பது?

பெரிய சண்டை மீனால் வந்தது. அன்ரி வெள்ளிக்கிழமையில் மீன் பொரிப்பவர். கீழே பொரித்தால் மணம் நேரே மேலே வரும். அப்பா யன்னல்களைச் சாத்தினார். மேலே அஸ்பெஸ்டஸ் கூரை. அவிந்துபோனோம். அப்பா படியின் பாதியில் நின்று கூப்பிட்டார்.

“அன்ரி, அம்மாள் இருக்கிற வீடு. பொரிக்கிறதைக் கொஞ்ச நாளைக்கு விடுங்கோவன்.”

“ஒங்க அம்மா மேல இருக்காங்க, எங்க மாதா கீழ இருக்காங்க. அவங்களுக்குள்ள சண்டையே இல்ல. நீங்க ஏன் சண்டைக்கு வாறீங்க?”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்த மாதத்தில் அவர் சிரித்ததை நான் பார்த்தது அப்போதுதான். ஆனாலும் அன்ரி அன்றிலிருந்து பொரிப்பதை விட்டார். சொல்லிக்கொண்டு விடவில்லை. மணம் வரவில்லை, அவ்வளவுதான்.

என் புள்ளிகள் கறுத்தன. காய்ந்தன. ஒரு நாள் அம்மா எனக்குத் தலை தடவிப் பார்த்து, “காஞ்சிட்டுது. நாளைக்குத் தண்ணி வார்ப்பம்” என்றார். அடுத்த நாள் காலையில் அலுமினியச் சருவத்தில் தண்ணீர் நிரப்பி, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு, மொட்டைமாடித் துண்டில் வெயிலில் வைத்தார். அப்பா சேவ் எடுத்தார். நாளைக்குக் கடைக்குப் போகலாம் என்ற முகம்.

தண்ணீர் சுடுவதற்குள் ஒழுங்கைக்குள் பொலிஸ் ஜீப் வந்து நின்றது. வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். முன்வீட்டில் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. அண்ணா எழுந்து திரைக்குப் பின்னால் போனான். போய் என்ன? திரைக்குக் கீழே கால் தெரிந்தது. அம்மா என்னைப் பாயில் அமத்திப் படுக்கவைத்தார்.

கேற்றில் அன்ரியின் குரல் கேட்டது. சிங்களத்தில் கதைத்தார்.

“ராளஹாமி, உடட்ட யண்ட எபா. தெய்யங்கே லெடே.” ஐயா, மேலே போகாதீர்கள், சாமியின் வருத்தம் என்கிறார்.

“காட்டத?” யாருக்கு என்று கேட்டது ஒரு கனத்த குரல்.

“பொடி லமயட்ட.” சின்னப் பிள்ளைக்கு.

சப்பாத்துச் சத்தம் படி ஏறியது. சார்ஜன் ஒரு ஆள், வயிறு வைத்தவர். மேல்படியில் நின்று இலையைப் பார்த்தார். கதவு திறந்துதான் இருந்தது. என்னைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். “பவ்” என்றார். பாவம் என்று அர்த்தம். வந்தபடியே இறங்கிப் போனார். பின்பக்கமாகவே சில படி இறங்கினார், இலைக்கு முதுகு காட்டாமல்.

ஜீப் போனது. அம்மா மாடிக்குப் போனார். சருவத்தைத் தூக்கினார். மஞ்சள் தண்ணீர் முழுவதையும் மாடித் தண்ணீர் வடிகிற பீலியில் ஊற்றினார். வேப்பிலைகள் பீலி வாயில் அடைபட்டுக் கிடந்தன.

“ஏனம்மா ஊத்தினீங்கள்?”

“உனக்கு இன்னும் காயேல்லை.”

“நேற்று காஞ்சிட்டுது எண்டு சொன்னீங்கள்.”

“நேற்று வடிவாப் பாக்கேல்லை. படு.”

படுத்தேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கையைப் பார்த்தால் பொருக்கு உதிர்ந்திருக்கிறது. பசிக்கிறது. ஓடவேண்டும்போல் இருக்கிறது. ஆனால் வருத்தம். படியில் சத்தம் கேட்டால் அம்மா வேப்பிலையும் மஞ்சளும் அரைத்த களியை என் முகத்தில் அப்பிவிடுவார். ஆள் போனதும் எழும்பலாம். பிறகு திரும்பப் படுக்கவேண்டும். இரண்டு மூன்று நாள் போக, எனக்கு உண்மையாகவே உடம்பு கடித்தது. வருத்தக்காரி வருத்தக்காரி என்று சொன்னதில் வந்த கடி. அண்ணாவிடம் கேட்டேன்.

“எனக்கு மாறிட்டுதோ இல்லையோ?”

அவன் பகிடி விடவில்லை. “மாறிட்டுது. நீ எனக்காகத்தான் படுத்துக் கிடக்கிறாய்” என்றான். அதுவும் விளங்கவில்லை.

அப்பாவுக்கு விளங்கியது. அவர் அம்மாவை மாடிக்குக் கூப்பிட்டுக் கதைத்தார். சுவர் இல்லை, கேட்டது.

“பிள்ளைக்கு மாறிட்டுது. தண்ணியை வாரும்.”

“வார்த்தால் இலையை எடுக்கவேணும்.”

“எடுக்கத்தான் வேணும். அம்மாள் வந்தவ, போறா. வழி விடவேணும். பிடிச்சு வைக்கிறதுக்கு அவ என்ன வாடகை ஆளே?”

“அந்த இலைதான் சார்ஜனைத் திருப்பி அனுப்பினது. கண்ணாலை பாத்தனீங்கள் தானே.”

“அவவை வைச்சு விளையாடாதையும். நான் சொல்லிப்போட்டன்.”

“ஏஜென்சிக்காரன் சரி எண்டு சொல்லட்டும். அண்டைக்கே வார்க்கிறன். என்ரை பிள்ளையை ஏத்திக்கொண்டு போனால் நீங்கள் ஆரைப் போய்க் கேப்பியள்?”

தண்ணி வார்த்தாச்சு என்று அப்பா முதலாளியிடம் பொய் சொல்லிவிட்டு வேலைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. இலை தொங்குகிற வீட்டிலிருந்து போய் முதலாளியின் சின்னப் பிள்ளைகள் இருக்கிற கடையில் ஏற அவரால் முடியாது. படியில் இருந்துகொண்டு துறைமுகத்துக் கப்பல் ஊதுவதைக் கேட்பார். கடையில் தராசில் வேறொரு ஆளைப் போட்டுவிட்டார்கள் என்று செய்தி வந்தது. சோறும் பருப்புக் கடையலும் சாப்பிட்டோம். பிறகு சோறும் சொதியும். பிறகு கஞ்சி.

இந்த நேரத்தில் அன்ரி ஒரு வேலை செய்தார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போன இடத்தில், சார்ஜனைத் தான் திருப்பி அனுப்பிய கதையைச் சொல்லியிருக்கிறார். தொப்பியைக் கழற்றிய கதையையும் சேர்த்து. பெருமை. அன்று பின்னேரமே எதிர்வீட்டு ஆட்கள் பின்வளவுக்கு வந்தார்கள். அங்கே மூன்று அண்ணன் தம்பிமார், கணக்கியல் படிக்கிறவர்கள்.

“அன்ரி, கொஞ்சம் வேப்பிலை.”

“யாருக்குப்பா வந்திருக்கு?”

“ஒருத்தருக்கும் இல்லை அன்ரி. வராமல் இருக்க.”

அன்ரி சிரித்துக்கொண்டு முறித்துக் கொடுத்தார். அடுத்த நாள் அதற்கடுத்த வீடு. பிறகு லொட்ஜ். ஒரு கிழமைக்குள் எங்கள் ஒழுங்கையில் இலை இல்லாத வாசல் இல்லை. ஒரு வேதக்கார வீட்டில் மாதா படத்துக்கு மேலேயே கட்டியிருந்தார்கள். அன்ரியின் மரத்தில் கைக்கெட்டுகிற உயரத்துக்கு ஒரு இலையும் மிச்சமில்லை. “என் மரத்த மொட்டையாக்கிட்டீங்களேடா” என்று கத்தினார். ஆனால் முகத்தில் சந்தோசம். அண்ணா யன்னல் இடுக்கால் பார்த்து, “முழு ஒழுங்கைக்கும் வருத்தம் வந்திட்டுது. ஒருத்தருக்கும் இல்லை” என்றான். சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை.

எல்லாரும் இலை கட்டினார்கள். ஒருவரும் சட்டியை இறக்கவில்லை. அதுதான் பிழை. வருத்தம் இல்லாத வீடுகள், அவர்கள் ஏன் பத்தியம் இருக்கவேண்டும்? மத்தியானம் ஆனால் ஒவ்வொரு வாசலாலும் மீன் பொரிக்கிற மணம். செத்தல் மிளகாய் தாளிக்கிற மணம். நாங்கள் கஞ்சியோடு அதை மூச்சில் எடுத்துக்கொண்டு இருந்தோம்.

ஒரு மத்தியானம் அந்தச் சார்ஜன் தனியே நடந்து வந்தார். ஜீப் இல்லை. சும்மா வந்ததுபோல. எதிர்வீட்டுக்கு முன்னால் நின்றார். இலையைப் பார்த்தார். மூக்கைத் தூக்கி மணம் பிடித்தார். அடுத்த வீட்டுக்கு முன்னால் நின்றார். அங்கும் பிடித்தார். எங்கள் கேற்றடிக்கு வந்து அன்ரியிடம் கேட்டார்.

“தெய்யங்கே லெடே கெதர மாளு பதினவாத?” சாமியின் வருத்தம் இருக்கிற வீட்டில் மீன் பொரிப்பார்களா?

அன்ரியின் சிங்களம் அன்றைக்கு வரவில்லை. சார்ஜனும் பதிலுக்கு நிற்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

அம்மா அண்ணாவை வேறு எங்காவது அனுப்பப் பார்த்தார். கிருலப்பனையில் அப்பாவுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இருந்தது. இலை கட்டிய வீட்டு ஆளை அவர்கள் உள்ளே எடுப்பார்களா? வழியில் செக்பொயின்ற். விடிய யோசிப்போம் என்றார் அப்பா.

விடியக் காலையில் அண்ணா எழும்பவில்லை. நான் தொட்டுப் பார்த்தேன். பொரிக்கிற தாச்சிச் சட்டிபோல் சுட்டது. அம்மா வந்து சட்டையைத் திறந்தார். நெஞ்சு முழுக்கப் போட்டிருந்தது. முகத்தில், காது மடலில், வாய்க்குள்ளும். எனக்குப் போட்டது அதில் கால்வாசியும் இல்லை.

அப்பா பார்த்துக்கொண்டு நின்றார். “அம்மாள் தந்திட்டா” என்றார். அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. என் பாயில் கிடந்த வெள்ளை வேட்டியை எடுத்து, திரைக்குப் பின்னால் கிடந்த அண்ணாவுக்குப் போர்த்தினார்.

வெயில் ஏறுவதற்கு முன்னம் வந்துவிட்டார்கள். ஜீப் ஒன்று, ட்ரக் ஒன்று. சார்ஜனோடு வெள்ளைச் சேட்டுப் போட்ட ஒருவர், கையில் ஒரு பை. சுகாதாரப் பகுதிப் பரிசோதகர், பீ.எச்.ஐ. மாத்தயா என்பார்கள். வருத்தம் உண்மையா என்று பார்க்க அவரைக் கூட்டி வந்திருக்கிறார்கள்.

முதலில் எங்கள் வீடு. சார்ஜன் மேல்படியில் நின்றார். இம்முறை தொப்பியைக் கழற்றவில்லை. பீ.எச்.ஐ. இலையைக் கையால் விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். தமிழ் கொஞ்சம் கதைத்தார்.

“நோயாளி யாரு?”

நான் என்னைத்தான் கேட்கிறார் என்று பாயில் படுத்தேன். அவர் என் கையைத் தூக்கிப் பார்த்தார். “இவவுக்கு சுகம். முந்தியே சுகம். ஏன் இலை?” சார்ஜன் ஒரு அடி உள்ளே வைத்தார். அப்போதுதான் அப்பா திரையை ஒதுக்கினார். தானே ஒதுக்கினார். அம்மா “ஐயோ” என்றார்.

பீ.எச்.ஐ. வேட்டியை விலக்கினார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

“மேக்க எத்த.” இது உண்மை என்றார்.

சார்ஜன் வைத்த அடியை எடுத்தார். அண்ணாவின் முகத்தைப் படியில் நின்றபடி கனநேரம் பார்த்தார். கண் வீங்கி மூடியிருந்தது. யார், எங்கிருந்து வந்தது என்று ஒன்றும் கேட்கவில்லை. “சனீப வெலா எண்ட” என்றார். சுகமாகி வா என்று. ஸ்டேசனுக்கு வா என்றுதான் அர்த்தம். ஆனாலும் சொன்ன விதம் அப்படி இல்லை. இரண்டு பேரும் இறங்கிப் போனார்கள்.

அம்மா இருந்த இடத்திலேயே இருந்தார். பிறகு எதிர்வீட்டில் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. ஆட்களின் கால் சத்தம். ஒரு பெண் அழுகிற சத்தம். லொட்ஜ் பக்கத்தில் விசில். அம்மா எழுந்து போய், இவ்வளவு நாளும் திறக்காத யன்னலைத் திறந்தார்.

“சாத்தும்” என்றார் அப்பா.

அம்மா சாத்தவில்லை. ட்ரக் வெளிக்கிடும்வரை நின்று பார்த்தார்.

எனக்கு அன்றைக்கு விளங்கியது ஒன்றுதான், அதுவும் தலைகீழாக. வருத்தம் உள்ளவனை விட்டுவிட்டார்கள். சுகமான ஆட்களைக் கொண்டு போனார்கள். அப்படியென்றால் வருத்தம் நல்லது. கனகாலம் நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் யாருக்காவது காய்ச்சல் என்றால் அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் போய் இருப்பேன்.

அண்ணா பிழைத்தான். கஸ்டப்பட்டுத்தான். பெரியவர்களுக்கு வந்தால் அது வேறு வருத்தம். அவனுக்கும் எனக்கும் ஒரே நாளில் தண்ணி வார்த்தார்கள். அப்பா வார்த்தார். கிழமைக்கணக்காகத் தொங்கி, காய்ந்து சுருண்ட இலையை அவரே கழற்றினார். அன்ரி கேட்காமலே அண்ணாவோடு ஸ்டேசனுக்கு வந்து, அவன் தன்னுடைய வீட்டில் இருக்கிற பிள்ளை என்று சொல்லிப் பதிந்தார். அதை முதல் நாளே செய்திருக்கலாம். நான் அன்ரியிடம் கேட்டதில்லை. அண்ணா பிறகு வெளிநாடு போனான். முகம் முழுக்கக் குழி. அங்கே பனிக்கு அது தெரியாது என்று எழுதினான்.

அப்பாவுக்குப் பழைய வேலை இல்லை. வெள்ளவத்தையில் ஒரு கடையில் சேர்ந்தார். அம்மாவின் கையால் சாப்பிட்டார், அம்மாவோடு கதைத்தார். ஆனால் அம்மாள் கோயிலுக்கு மட்டும் தனியே போனார். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனதே இல்லை. ஏமாற்றியதற்குத்தான் மகனுக்கு வந்தது என்று சாகும்வரை நம்பினார். அம்மாவும் அதை மறுத்துக் கதைக்கவில்லை.

என் மகளுக்கு வந்தபோது ஆஸ்பத்திரியில் ஒரு நேர்ஸ் சொன்னார். தொற்றினால் இரண்டு கிழமை, பதினாலு நாள்போல, உடம்புக்குள் ஒளித்துக் கிடந்துதான் வெளியே காட்டுமாம். நான் கணக்குப் பார்த்தேன், தண்ணீரை ஊற்றியதிலிருந்து அவனுக்குப் போடும்வரை அவ்வளவு நாள் இல்லை. அம்மா மஞ்சள் தண்ணீரைப் பீலியில் ஊற்றிய அன்றே அது அண்ணாவுக்குள் இருந்திருக்கிறது. தண்ணி வார்த்திருந்தாலும் அவனுக்கு வந்திருக்கும். ஒருவரும் ஒருவரையும் ஏமாற்றி வந்ததல்ல.

அப்பா இல்லை. அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அப்போது அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. கட்டிலில் இருந்தார். நான் சொல்லி முடியும்வரை கேட்டார்.

“அப்ப அண்ணாவுக்கு என்னாலை வரேல்லை.”

“இல்லையம்மா.”

கட்டில் விளிம்பைத் தடவிப் பிடித்து யன்னல் பக்கம் திரும்பினார்.

“அந்தப் பெடியள்?” என்றார். “எங்களைப் பாத்துத்தானே கட்டினவங்கள்.”

நேர்ஸிடம் கேட்கிற கேள்வி இல்லை அது. அம்மா யன்னலில் நின்று எண்ணியிருக்கிறார் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. வீடு வீடாகச் சொன்னார். எதிர்வீடு. அடுத்த வீடு. லொட்ஜ்.

ஏற்றினது ஏழு பேரை. திரும்பி வந்தது ஐந்து பேர்.